சுவரில் ஓதம்: பிடித்த வீட்டை வாங்கலாமா?

கேள்வி: ஐம்பது வருடத்துக்கு மேலான ஒரு தனி வீட்டை வாங்க இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் கூடத்தில் ஒரு சுவர் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் வரை ஓதம் ஏறியிருக்கிறது. ஈரம் அளக்கும் கருவி வைத்துப் பார்த்தவர், "சுவர் முழுக்க ஈரம், துளை போட்டு ஈரத்தைத் தடுக்கும் ரசாயன மருந்து ஏற்ற வேண்டும், நாங்களே செய்து தருகிறோம்" என்கிறார். விற்பவரோ, "வாட்டர் ப்ரூஃப் பெயின்ட் அடித்துக் கொடுக்கிறேன்" என்கிறார். எங்களோடு இருக்கும் மாமியாருக்கு ஆஸ்துமா. முன்பணம் கொடுக்கலாமா? – ஒரு வாசகி

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம். அதைவிட அவசரம், விற்பவரைப் பெயின்ட் அடிக்க விடாதீர்கள். இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள். அடித்த பிறகும் ஈரம் அங்கேதான் இருக்கும். உங்கள் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஓதம் இருக்கிறதா என்பதில் சந்தேகமில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் பெரும்பாலும் மூன்று நான்கு அடிக்குள் நின்றுவிடும். அதன் மேல்விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், விரலால் தேய்த்தால் மாவு போல உதிரும். மழைநீர் என்றால் திட்டுத் திட்டாக, மழைக்குப் பிறகு பெரிதாகும். குழாய்க் கசிவுக்கு வெயில் மழை என்ற கணக்கே கிடையாது. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிவதும் உண்டு; மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னாலும் கறுப்பாகப் பூசணம் பிடிக்கும்.

நீங்கள் சொல்லும் இரண்டரை அடியைக் கேட்டதும் எனக்கு வீட்டின் வெளிப்புறத்தைப் பார்க்கத்தான் தோன்றுகிறது. அதே சுவரின் மறுபக்கம் போய் நில்லுங்கள். பழைய வீடுகளில் வருடக்கணக்கில் மண் கொட்டியும் தளம் போட்டும் வெளித்தரை உயர்ந்துகொண்டே வரும். அது, மண்ணின் ஈரம் மேலே ஏறாமல் இருக்கச் சுவரின் அடிப்பக்கத்தில் வைத்துக் கட்டும் ஓதத் தடுப்பு அடுக்குக்கு ஆறு அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். நான் பார்த்த ஒரு வீட்டில் இரண்டு முறை சுவரைக் கொத்திப் பூசியும் ஓதம் நிற்கவில்லை. வெளியே சுவரை ஒட்டி ஒரு பூச்செடிப் பாத்தி. அதன் மண் உள்தரையைவிட ஒரு சாண் உயரம். தினமும் அதற்குத் தண்ணீர் வேறு. மண்ணை வெட்டி எடுத்து, சரிவு கொடுத்தார்கள். மருந்தும் ஏற்றவில்லை, ஒன்றும் செய்யவில்லை. ஓதம் நின்றுவிட்டது. ஆனால் சுவர் காய ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு அந்தப் பொறுமை வேண்டும்.

அந்தக் கருவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு முள் உள்ள கருவி மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைத்தான் அளக்கிறது. அதன் சதவீதக் கணக்கு மரத்துக்கானது. சுவரில் உப்பு இருந்தால் காய்ந்த இடத்திலும் அதிகமாகக் காட்டும். அதனால் அந்த எண்ணை மட்டும் வைத்து மருந்து ஏற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். சுவரின் உட்பகுதியிலிருந்து துளைத்துத் தூள் எடுத்து, எடை பார்த்து, உலர்த்தி மறுபடி எடை பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. மருந்து ஏற்றும் வேலையை விற்காத ஒரு கட்டடப் பொறியாளரைக் கட்டணம் கொடுத்து அழைத்துப் போங்கள். வீடு வாங்கும் செலவில் இதை மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நீங்களே செய்யக்கூடியது ஒன்று. ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். அறைப் பக்கம் நீர் பூத்தால் காற்றின் ஈரம். தாளுக்குப் பின்னால் பூத்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அப்புறம், எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். அப்போதும் ஓடினால் எங்கோ கசிகிறது.

கதவு நிலையின் அடிப்பகுதியைச் சாவி நுனியால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் மரம் உளுத்திருக்கிறது. சுவர் ஓதத்தைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை. தரையோ கூரையோ மரம் என்றால் அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் என்றால் சிமென்ட் பூச்சும் வாட்டர் ப்ரூஃப் பெயின்ட்டும் ஆகவே ஆகாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். காரணத்தைச் சரிசெய்துவிட்டு, சுண்ணாம்புப் பூச்சே பூச வேண்டும்.

காரணம் தெரிந்து, செலவை எழுத்தில் வாங்கி, அதை விலையில் கழித்துக் கேளுங்கள். வெளித்தரையோ மழைநீர்க் குழாயோதான் காரணம் என்றால் தாராளமாக வாங்கலாம். சோதிக்கவே விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

உங்கள் மாமியார் விஷயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஓதமும் பூசணமும் உள்ள வீட்டில் ஆஸ்துமா அதிகமாகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே சொல்லியிருக்கிறது. வாங்கினாலும் சுவர் காயும் வரை அவரை அங்கே படுக்க வைக்காதீர்கள். அடுத்த முறை, நல்ல மழை பெய்த மறுநாள் காலையில், வீட்டைத் திறந்தவுடனே போங்கள். அடைத்துக் கிடந்த வாசனை அப்போதுதான் தெரியும். அவருக்கு எந்த அறை என்று முடிவு செய்து, அந்த அறையின் அலமாரியை நகர்த்தச் சொல்லி, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.