தாளில் ஒரு பாரம், கையில் ஒரு பாரம்: ஸ்னோமொபைல் கேள்வி பதில்

கனடாவின் சட்பரியில் 17 குளிர்காலமாக, பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிகளைத் திருத்துகிறேன். டிசம்பர் பிறந்தால் ரொறன்ரோப் பக்கமிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: எந்த வண்டி பாரம், எந்த எஞ்சின் நல்லது. இந்த மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிட்டேன். எங்கள் ஆட்கள் எந்தக் கம்பனி வண்டியையும் ‘ஸ்கிடூ’ என்றுதான் சொல்வார்கள். அது கியூபெக் மாகாணத்து வல்கூரில் ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியே 1959இல் விற்பனைக்கு விட்ட வண்டியின் பெயர். கேட்பவர்களின் பழக்கத்தை நான் மாற்றப் போவதில்லை. ஆனால் வாங்கப் போகும்போது போலாரிஸ், ஆர்க்டிக் கேட் வண்டிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: விளம்பரத் தாளில் 222 கிலோ என்று இருக்கிறது. அதே வண்டி வைத்திருக்கும் நண்பர் 270 கிலோ என்கிறார். யார் சொல்வது சரி? (பிராம்ப்டன் வாசகர்)

இரண்டு பேரும் சரி. தாளில் போடுவது ‘ட்ரை வெயிட்’. பெற்றோல் இல்லை, கூலண்ட் இல்லை, ஓயில் இல்லை. பெரும்பாலும் அடிப்படை மாடலின் கணக்கு அது. அந்த நிலையில் வண்டியை யாரும் ஓட்ட முடியாது.

கூட்டிப் பாருங்கள். டாங்க் 36 லீற்றர் என்று வைப்போம். பெற்றோல் ஒரு லீற்றர் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஆக 27 கிலோ. கூலண்ட் 5 கிலோ அளவில். டூ ஸ்ட்ரோக் என்றால் தனி டாங்கில் ஊற்றும் ஓயில் 3 கிலோ. பிறகு நாங்கள் பூட்டுவது: உயரமான கண்ணாடி, பின்பக்கப் பை, பற்றரியோடு எலெக்ட்ரிக் ஸ்டார்ட், வண்டிக்கு அடியில் சுழலும் ரப்பர் பட்டையான ட்ராக்கில் அடிக்கும் இரும்பு ஆணிகள். இதெல்லாம் சேர்ந்து 10, 12 கிலோ வந்துவிடும். உங்கள் நண்பரின் 270 பெரிய பிழையில்லை.

இதற்கு மேலேயும் ஒரு பாரம் இருக்கிறது, அதை எந்தத் தாளிலும் போடுவதில்லை. போன பெப்ரவரியில் ஒரு வண்டி ட்ரெயிலில் (பனிவண்டிப் பாதையில்) இருந்து நேரே என் கடைக்கு வந்தது. ட்ராக்குக்கு உள்ளேயும் சஸ்பென்ஷன் கம்பிகளுக்கு இடையிலும் பனி கல்லாக இறுகியிருந்தது. சங்கிலி போட்டுத் தூக்கி, கொளுவித் தராசில் பார்த்தேன்: 301 கிலோ. இரவு முழுக்க ஹீட்டர் போட்டு வைத்தேன். காலையில் வடிகாலைச் சுற்றிச் சேற்று நிறத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது, தராசு 287 காட்டியது. 14 கிலோ பனியைச் சுமந்துகொண்டுதான் அந்த மனிதர் நாள் முழுக்க ஓடியிருக்கிறார். அதனால் கணக்குப் போடுபவர்களுக்கு நான் சொல்வது, தாளில் உள்ளதோடு 50 கிலோவைக் கூட்டிக்கொள்ளுங்கள். புதைந்த வண்டியைத் தூக்கும்போது உங்கள் முதுகுக்குத் தெரியப் போவது அந்தப் பாரம்தான்.

கேள்வி: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? பவர் ஒரே அளவில் இருக்கும்போது பாரம் மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? (ஏஜக்ஸ் வாசகர்)

நான் மிகவும் விரும்பிப் பதில் சொல்லும் கேள்வி இது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் ஒரு வெடிப்பு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். அதே பவர் வேண்டுமென்றால் எஞ்சின் பெரிதாக வேண்டும், அல்லது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ வேண்டும். அதற்கு மேல் வால்வு, கேம் ஷாஃப்ட், எஞ்சினுக்குள்ளேயே நிற்கும் ஓயில் என்று ஒவ்வொன்றாகப் பாரம் ஏறும். ஸ்கிடூ வண்டிகளில் வரும் ரோட்டாக்ஸ் எஞ்சின்களையே பாருங்கள். டூ ஸ்ட்ரோக்கான 850 ஈ-டெக் இரண்டு சிலிண்டரில் 165 குதிரைச் சக்தி தருகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கான 900 ஏஸ் டர்போ ஆர் மூன்று சிலிண்டரும் டர்போவும் வைத்து 180 தருகிறது. ஒரே சட்டகத்தில் இந்த இரண்டையும் பூட்டினால் வித்தியாசம் சுமார் 25 கிலோ வரும், அதில் பெரும்பங்கு வண்டியின் மூக்கில்தான் உட்காரும்.

ரிவர்ஸிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஸ்கிடூ டூ ஸ்ட்ரோக் வண்டியில் ரிவர்ஸ் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் நிற்கப் போவதுபோல் இறங்கி, ஒரு சின்ன உதறலோடு எதிர்ப்பக்கமாகச் சுழலத் தொடங்கும். வால்வு இல்லாத எஞ்சின் என்பதால் இது முடிகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் அப்படிச் சுழலாது, அதற்குத் தனியாக ரிவர்ஸ் கியர் வேண்டும். அதுவும் ஒரு பாரம்.

பாரம் குறைந்தது நல்லது என்று இதோடு முடிவு கட்டிவிடாதீர்கள். நீங்கள் ஒன்ராறியோவில் சீர் செய்த ட்ரெயிலில் ஓடப் போகிறவர். இங்கே கழகங்கள் பராமரிக்கும் ட்ரெயில்கள் மட்டும் 30,000 கிலோமீற்றர் அளவில் இருக்கின்றன. ஒரு நாளில் 200 கிலோமீற்றர் ஓடும்போது அந்த 25 கிலோ உங்களுக்குத் தெரியவே தெரியாது. தெரியப் போவது ஃபோர் ஸ்ட்ரோக்கின் அமைதி, பெற்றோல் மிச்சம், மாலையில் உடுப்பில் புகை மணம் இல்லாதது. வருடத்துக்கு ஒருமுறை ஓயில் மாற்றினால் போதும். டூ ஸ்ட்ரோக்கில் 600ஆர் ஈ-டெக், 125 குதிரை, அதுவும் அருமையான எஞ்சின்தான். இளம் வயது, காட்டுக்குள் புகுந்து விளையாட ஆசை என்றால் அதை எடுங்கள். குடும்பத்தோடு ட்ரெயிலில் மட்டும் என்றால் நான் தயங்காமல் ஃபோர் ஸ்ட்ரோக் என்பேன்.

மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியா மலைக்குப் போகிறவருக்குக் கதை வேறு. அங்கே கழுத்தளவு மாவுப் பனியில் மூக்குக் கனத்த வண்டி புதையும். மலைக்கென்று செய்த டூ ஸ்ட்ரோக் வண்டிகள் 200 கிலோவை ஒட்டி நிற்பதற்கு அதுதான் காரணம். இன்னொன்று, டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீற்றர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீதச் சக்தியை இழக்கும். 2020இல் வந்த டர்போ 850 இந்தக் குறையைத்தான் தீர்த்தது: 2400 மீற்றர் உயரம் வரை அதே 165ஐப் பிடித்து வைத்திருக்கிறது.

கேள்வி: நான் 52 கிலோ. கணவர் வாங்கியிருக்கும் வண்டி 280 கிலோவாம். தனியே ஓட்டிப் போய்ப் புதைந்துவிட்டால் என்ன செய்வேன் என்று பயமாக இருக்கிறது. (மார்க்கம் வாசகி)

பயம் நியாயமானதுதான் அக்கா. முதலில், தனியாகப் போக வேண்டாம். இதை எத்தனை கிலோ ஆளுக்கும் சொல்வேன்.

புதையும்போது எல்லோரும் செய்வது த்ரொட்டிலை இன்னும் அழுத்துவது. அழுத்த அழுத்த ட்ராக் கீழே தோண்டும், வண்டி பின்பக்கமாக உட்காரும். அந்த நொடியிலேயே கையை எடுத்து, எஞ்சினை நிறுத்தி, இறங்குங்கள். ஸ்கிக்கு முன்னால் பத்தடி தூரத்துக்குப் பனியைக் காலால் மிதித்து இறுக்குங்கள். பிறகு வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, ட்ராக் இருந்த குழியைப் பனியால் நிரப்பி மிதியுங்கள். சாய்ப்பதற்குத் தூக்குவதில் பாதி பலம்கூட வேண்டாம். மேல்பக்க ஸ்கியைப் பிடித்து உடம்பைப் பின்னால் சாய்த்தால் வண்டி தானாக வரும். நிமிர்த்திய பிறகு ஐந்து நிமிடம் விடுங்கள், மிதித்த பனி இறுகட்டும். மெதுவாக த்ரொட்டில் கொடுத்தால் ஏறி வந்துவிடும். என் மனைவியும் உங்களைப்போல் சின்ன உருவம்தான். வீட்டுக்குப் பின்னால் வேண்டுமென்றே புதைத்து மூன்று முறை பழகிக்கொண்டார். நீங்களும் அப்படிப் பழகுங்கள், காட்டில் கை பதறாது.

கேள்வி: பழைய ஃபேன் கூல்ட் போலாரிஸ் 550 ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா? (பரி வாசகர்)

வாங்கலாம். ரேடியேட்டர், கூலண்ட், பம்ப் எதுவும் இல்லை, விசிறிக் காற்றில் ஆறும் எஞ்சின். குறைந்த பாரம், எளிய வேலைப்பாடு. தண்ணீரில் ஆறும் வண்டிகளுக்கு ஒரு பலவீனம் உண்டு. ட்ராக்குக்கு மேலே உள்ள அலுமினிய ஆற்றிகளில் பனி தூவிக்கொண்டே இருந்தால்தான் கூலண்ட் குளிரும். பனி அடித்துப் போன வெறும் ஐஸ் மேல் பத்து நிமிடம் ஓடினால் சூட்டு விளக்கு எரியத் தொடங்கிவிடும். ஐஸ் மீன்பிடிக்காரர்கள் ஃபேன் கூல்டை விடாமல் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். வாங்குமுன் இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன், அதாவது உள்ளே எழும் அழுத்தம், பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று கிட்ட இல்லையென்றால் வேண்டாம்.

கேள்வி: சிம்கோ ஏரியில் எத்தனை அங்குல ஐஸ் இருந்தால் வண்டியை இறக்கலாம்? (நியூமார்க்கெற் வாசகர்)

கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் ஸ்னோமொபைலுக்குச் சொல்வது 25 சென்ரிமீற்றர், அதாவது 10 அங்குலம். இதைவிடக் குறைந்த எண்களும் சில இடங்களில் சொல்லப்படுகின்றன. நான் 10 அங்குலத்தோடுதான் நிற்பேன். உங்கள் பாரத்தையும் சேர்த்தால் 350 கிலோ ஐஸ் மேல் நிற்கிறது. அதுவும் நீலமாகத் தெளிந்த ஐஸுக்குத்தான் இந்தக் கணக்கு. வெள்ளை ஐஸுக்கு அதில் பாதிப் பலம்தான். சிம்கோவுக்கும் பக்கத்துக் கூச்சிச்சிங் ஏரிக்கும் இடையே அதர்லி பக்கம் ஒடுங்கும் இடத்தில் நீரோட்டம் உண்டு, நடு ஜனவரியிலும் அங்கே ஐஸை நம்பாதீர்கள்.

கேள்வி: சின்ன எஸ்யூவி ஒன்றில் இரண்டு வண்டிகளை இழுக்க முடியுமா? (ஸ்காபரோ வாசகர்)

காரின் கையேட்டில் இழுவை எல்லையைப் பாருங்கள். சில சின்ன எஸ்யூவிகளுக்கு அது 680 கிலோ, 1500 பவுண்டுதான். என்னிடம் வந்த ஒரு தம்பி தாளில் இருந்த 220ஐயும் 245ஐயும் கூட்டி 465 என்று கணக்கோடு வந்தார். நிறைத்த டாங்கோடு இரண்டையும் என் தராசில் தூக்கிப் பார்த்தோம்: 560. ட்ரெயிலரே 240. பின்பக்கம் இறங்கி, முன் விளக்கு மரக்கிளைகளைப் பார்த்தபடி அவர் ரொறன்ரோப் பக்கமிருந்து வந்திருக்கிறார், 400 கிலோமீற்றர். ஒரு வண்டியை என் கடையிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அடுத்த வாரம் தன் மாமாவின் பிக்கப்பில் வந்து எடுத்துப் போனார்.