காபி மேக்கரின் பீப் ஒலிகள்: வாசகர் கேள்வி–பதில்

மின்சார டிரிப் காபி மேக்கர் எழுப்பும் பீப் ஒலிகளைப் பற்றி இந்த மாதம் பல கடிதங்கள் வந்துள்ளன. மூன்று பீப் என்றால் என்ன, ஐந்து பீப் என்றால் என்ன என்றே பெரும்பாலானோர் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பொதுவான விடை கிடையாது. ஒரு நிறுவனத்தின் இயந்திரத்தில் காபி தயார் என்பதை ஐந்து பீப் சொல்லும். இன்னொன்றில் அதே செய்திக்கு மூன்று பீப் போதும். அந்தக் கணக்கு உங்கள் மாடலின் கையேட்டில்தான் இருக்கும். கையேட்டைத் தொலைத்துவிட்டவர்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டு நேரத்தைக் கவனிப்பது நல்லது. தண்ணீர் சூடாவதற்கு முன்பே ஒலிக்கிறதா, பாதியில் ஒலிக்கிறதா, வடிந்து முடிந்த பிறகா, யாருமே தொடாத வேளையிலா என்று பார்த்தால், கோளாறு எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கேள்வி: கோவை நகருக்குள் சிறுவாணித் தண்ணீர் வந்த வீட்டில் இரண்டு ஆண்டுகள் எங்கள் காபி மேக்கர் எந்தத் தொந்தரவும் தரவில்லை. ஊருக்கு வெளியே, போர்வெல் தண்ணீர் உள்ள வீட்டுக்குக் குடிவந்த சில மாதங்களில், குடுவை பாதி நிறைவதற்குள் ‘முடிந்தது’ என்பதற்கான பீப் ஒலிக்கத் தொடங்கிவிட்டது. தொட்டியில் பாதித் தண்ணீர் அப்படியே நிற்கிறது. மறுபடி பொத்தானை அழுத்தினால் சற்று நேரம் ஓடிவிட்டு மீண்டும் அதே பீப். மோட்டார் போய்விட்டது, புதிது வாங்கிவிடுங்கள் என்கிறார் பழுதுபார்ப்பவர். வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். பெரும்பாலான வீட்டு டிரிப் காபி மேக்கர்களில் மோட்டாரே கிடையாது. இல்லாத மோட்டார் எப்படிப் போகும் என்று அவரையே கேட்டுப் பாருங்கள். தொட்டித் தண்ணீர் ஒருவழி வால்வு ஒன்றைக் கடந்து, இயந்திரத்தின் அடியில் வளைந்து கிடக்கும் அலுமினியக் குழாய்க்குள் இறங்குகிறது. அந்தக் குழாயோடு ஒட்டியபடி ஹீட்டர் இருக்கிறது. தண்ணீர் கொதிக்கும்போது உண்டாகும் நீராவிக் குமிழிகள், வால்வு பின்பக்கம் போகவிடாமல் தடுப்பதால், வெந்நீரைத் தவணை தவணையாக மேலே தள்ளித் தூளின் மீது கொட்டுகின்றன. ஓடும்போது கேட்கும் களகளச் சத்தமும், கடைசியில் வரும் ‘புஸ்’ என்ற ஆவிச் சத்தமும் இதனால் வருபவைதான். அவை கோளாறின் அறிகுறிகள் அல்ல.

காபி முடிந்துவிட்டது என்பதை இயந்திரம் குடுவையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. குழாயில் தண்ணீர் ஓடும்வரை ஹீட்டரின் வெப்பத்தை அது வாங்கிக்கொண்டே இருக்கும்; தண்ணீர் தீர்ந்தவுடன் குழாயின் வெப்பநிலை சட்டென்று ஏறும். குழாயோடு பொருத்தப்பட்டிருக்கும் வெப்ப உணரி அந்த ஏற்றத்தைக் கண்டதும் ஹீட்டர் நிற்கிறது, பீப் ஒலிக்கிறது. உங்கள் வீட்டில் நடப்பது என்னவென்றால், போர்வெல் தண்ணீரிலுள்ள கால்சியம் குழாயின் உட்புறத்தில் சுண்ணாம்புப் படிவாக ஒட்டிக்கொண்டு, வெப்பத்தைத் தண்ணீருக்குப் போகவிடாமல் உலோகத்திலேயே தேக்கிவைக்கிறது. அதனால் தொட்டியில் தண்ணீர் இருக்கும்போதே ‘தீர்ந்துவிட்டது’ என்று உணரி முடிவுகட்டிவிடுகிறது. சிறுவாணித் தண்ணீர் மென்மையானது. அதனால்தான் இரண்டு ஆண்டுகள் இந்தச் சிக்கல் தலைகாட்டவில்லை. குடிநீரின் கடினத்தன்மைக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்கதென்று வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத இடங்களில் 600 வரை அனுமதி உண்டு. குடிப்பதற்கு அனுமதிக்கப்பட்ட தண்ணீர் என்பதாலேயே அது காபி மேக்கருக்கும் ஏற்றதாகிவிடாது.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு லிட்டர் தண்ணீரில் மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் ஒரு மேசைக்கரண்டி கரைத்துத் தொட்டியில் ஊற்றுங்கள். அது கிடைக்காவிட்டால் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம். தூள் போடாமல் இயக்கி, பாதி வடிந்ததும் நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் அப்படியே ஊறவிட்டு, பிறகு மீதியை ஓடவிடுங்கள். அதன்பின் வெறும் தண்ணீரை இரண்டு மூன்று முறை ஓட்டினால் புளிப்பு வாடை போய்விடும். முதல் முறை குடுவையில் வெள்ளைச் செதில்கள் வந்து விழுந்தால் பயப்பட வேண்டாம். வர வேண்டியவைதான் வருகின்றன. அமிலத்தை அதிகமாகப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைக்காதீர்கள், அலுமினியம் அதைத் தாங்காது. படிவு முற்றியிருந்தால் இன்னொரு நாள் மறுபடி செய்யலாம். ‘கிளீன்’ விளக்கு உள்ள மாடலானால், அதற்கான பொத்தானை அழுத்தித் தொடங்கிய சுத்திகரிப்பு ஓட்டம் முழுவதும் முடிந்தால்தான் பெரும்பாலும் விளக்கு அணையும். ஆகவே அத்தகைய மாடலில் நடுவில் நிறுத்த வேண்டாம். ஊறவைக்கும் இடைவெளியைப் பல மாடல்கள் தாங்களே விட்டுக்கொள்ளும்.

இரண்டு முறை செய்தும் மாற்றம் இல்லையென்றால் வெப்ப உணரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். கடிகாரம் எரிகிறது, பொத்தான் அழுத்தினால் பீப் வருகிறது, தண்ணீர் மட்டும் சூடாகவே இல்லை என்ற நிலை வந்தால், பல மாடல்களில் அது வெப்ப ஃபியூஸ் உருகியதைக் காட்டும். அந்த ஃபியூஸை எடுத்துவிட்டு ஒயரை நேராக முறுக்கிக் கொடுக்கும் மெக்கானிக்குகள் உண்டு. அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். தீப்பிடிக்காமல் காப்பதற்கென்று அந்த இயந்திரத்தில் கடைசியாக இருப்பது அதுதான்.

கேள்வி: எங்கள் வீட்டில் பித்தளை ஃபில்டருக்கு வாங்கும் சிக்கரி கலந்த தூளையே காபி மேக்கரிலும் போடுகிறோம். பீப் ஒலித்த பிறகும் கூடையில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்கிறது. சில நாள் ஓரத்தில் வழிந்து தூளோடு குடுவையில் விழுகிறது. இதுவும் சுண்ணாம்புப் படிவுதானா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இல்லை. தொட்டி காலியாகிவிட்டது, கூடை மட்டும் நிறைந்திருக்கிறது என்றால் இயந்திரம் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. கூடைக்குள் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பித்தளை ஃபில்டரில் டிகாக்ஷன் நிதானமாக, மணிக்கணக்கில்கூட, இறங்கலாம். அதற்கேற்பத் தூளும் நைசாக அரைக்கப்படுகிறது. காபி மேக்கரிலோ ஒரு குடுவைத் தண்ணீர் முழுவதும் பத்து நிமிடம் முன்பின்னாகக் கொட்டிவிடும். நைசான தூள் அடைத்துக்கொள்ள, சிக்கரி ஊறிக் கொழகொழப்பாகி வழியை மேலும் மூடுகிறது. சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அப்படியானால் மீதி 49 வரை சிக்கரியாக இருக்கலாம் என்று பொருள். பாக்கெட்டில் விகிதம் அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். இயந்திரத்துக்கு ரவைப் பதத்தில் அரைத்த தூளே ஏற்றது, சிக்கரி இல்லாமலோ மிகக் குறைவாகவோ. அதில் உங்கள் ஊர் டிகிரி காபியின் கெட்டித்தன்மை வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பித்தளை ஃபில்டரே சரி.

குடுவையை நடுவில் எடுத்தால் சொட்டாமல் இருக்க, கூடையின் அடியில் வில் வைத்த சிறு வால்வு ஒன்று இருக்கும். குடுவையின் மூடி சரியாகப் பொருந்தாமல் அதை மேலே தள்ளாவிட்டாலும் இதே வழிதல் நேரும். அதையும் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: என் மகள் நியூ ஜெர்சியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த காபி மேக்கரை, 110 வோல்ட் ஆக்கித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துப் பயன்படுத்துகிறேன். இரவு ஒன்பதரை மணிக்குக் கடிகாரத்தைச் சரியாக வைத்து, காலை ஐந்தரைக்குக் காபி போடச் சொல்லி அமைத்தால், ஏழு மணிக்கு மேல்தான் அது தொடங்குகிறது. பீப் வருவதற்குள் நான் கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன். டிரான்ஸ்ஃபார்மரை மாற்றினால் சரியாகுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சென்னை

பதில்: மாற்றினாலும் ஆகாது, ஐயா. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும். மின்சாரத்தின் அலைவெண்ணை மாற்றாது. அமெரிக்காவில் நொடிக்கு 60 அலைகள், இந்தியாவில் 50. சில மாடல்களின் கடிகாரம் இந்த அலைகளை எண்ணித்தான் நேரம் காட்டுகிறது. 60 எண்ணினால் ஒரு நொடி என்று பழக்கப்பட்ட கடிகாரம் இங்கே ஒரு மணி நேரத்தில் 50 நிமிடம்தான் நகரும். நீங்கள் கேட்ட எட்டு மணி நேரத்தை எண்ணி முடிக்க அதற்கு 9 மணி 36 நிமிடம் தேவை. ஒன்பதரைக்கு வைத்தால் காலை 7.06-க்குத்தான் தொடங்கும், நீங்கள் எழுதியதோடு இது பொருந்துகிறது. தினமும் அதே நேரத்தில் கடிகாரத்தைத் திருத்தி அமைப்பவராக இருந்தால், இரவில் உண்மையான நேரத்தைவிட 80 நிமிடம் முன்னதாக, அதாவது 10.50 என்று வைத்துவிடுங்கள். ஐந்தரைக்குக் காபி தொடங்கிவிடும். அழகான தீர்வு அல்ல, ஆனால் பலன் தரும்.

உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் கனமானதா, உள்ளங்கையில் அடங்குவதா என்று எழுதவில்லை. காபி மேக்கர் ஏறத்தாழ 900 முதல் 1100 வாட் வரை இழுக்கும். அதற்கு 1500 வாட் தாங்கும் கனமான டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பயணத்துக்கென்று விற்கும் இலேசான மின்னணு மாற்றிகள் வெறும் ஹீட்டர்களுக்கானவை. கடிகாரமும் திரையும் உள்ள இயந்திரத்தின் போர்டை அவை கெடுத்துவிடக்கூடும்.

கேள்வி: மின்வெட்டின்போது காபி போட்டால் விடாமல் பீப் அடிக்கிறது. மின்சாரம் வந்ததும் நின்றுவிடுகிறது. சில நாள் நள்ளிரவிலும் ஒரே ஒரு பீப் கேட்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: முதலாவது ஒலி காபி மேக்கரிலிருந்துதான் வருகிறதா என்று அருகில் போய்க் கேளுங்கள். வீடுகளில் பரவலாக உள்ள 850 அல்லது 900 விஏ இன்வெர்ட்டர், மின்விசிறியும் விளக்குகளும் ஓடிக்கொண்டிருக்கும்போது 1000 வாட் ஹீட்டரைத் தாங்காது. சுமை அதிகம் என்று கத்துவது அநேகமாக இன்வெர்ட்டர்தான். காபி மேக்கரின் பிளக்கை இன்வெர்ட்டர் இணைப்பு இல்லாத பாயின்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். நள்ளிரவு பீப், மின்சாரம் ஒருமுறை போய்வந்ததன் அடையாளம். காலையில் திரையில் 12.00 என்று மினுமினுத்துக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மின்சாரம் போகாமலே, யாரும் தொடாமலே பொத்தான் அழுத்தியதுபோல் ஒலித்தால் அது வேறு. அலமாரித் தட்டுக்கு அடியில் இயந்திரத்தை வைப்பவர்கள் வீட்டில் ஆவி மேலே முட்டித் திரும்பிப் பொத்தான் பலகைக்குள் ஈரமாக இறங்கும். வெளியே இழுத்துவைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு நாள் உலரவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். சின்னக் கரப்பான்பூச்சிகளும் ஒரு காரணம். போர்டின் கதகதப்பு அவற்றுக்குப் பிடித்தமானது.

கேள்வி: தொட்டி நிறைந்திருக்கும்போதே ‘தண்ணீர் ஊற்று’ என்ற எச்சரிக்கை ஒலிக்கிறது. ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றுகிறோம், படிவு இருக்க வாய்ப்பில்லை.
– வாசகர், திருச்சி

பதில்: தொட்டிக்குள் காந்தம் வைத்த சிறு மிதவை இருந்தால், அது விரலுக்கு இலகுவாக மேலும் கீழும் போகிறதா என்று பாருங்கள், ஓரத்தில் வழுவழுப்பு ஒட்டிச் சிக்கியிருக்கும். மிதவை இல்லாமல் இரண்டு உலோக முனைகள் தெரிந்தால், தண்ணீரின் வழியே மின்சாரம் கடப்பதை வைத்து அளவை அறியும் வகை அது. உப்பு அறவே நீங்கிய தண்ணீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது என்பதால் அது தொட்டி காலி என்று நினைத்துக்கொள்ளும். ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரைக் கலந்து ஊற்றிப் பாருங்கள். ஒலி நின்றால் காரணம் அதுவே.

கேள்வி: இங்கே வாங்கிய காபி மேக்கர் நாற்பது நிமிடத்தில் பீப் அடித்துவிட்டுத் தானாக அணைந்துவிடுகிறது. ஊரில் அக்கா வீட்டில் இரண்டு மணி நேரம் சூடாக இருக்கிறதே?
– வாசகர், டோர்ட்முண்ட், ஜெர்மனி

பதில்: பழுது இல்லை, சட்டம். 2015 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வந்த வீட்டு டிரிப் காபி மேக்கர்கள், கண்ணாடிக் குடுவையானால் காபி முடிந்த 40 நிமிடத்துக்குள், வெப்பம் காக்கும் ஃபிளாஸ்க் குடுவையானால் 5 நிமிடத்துக்குள் அணைந்துவிட வேண்டும் என்று மின்சிக்கனத்துக்காக விதி வந்தது. 1954-இல் காப்புரிமை பெற்ற முதல் மின்சார டிரிப் காபி மேக்கரான விகோமாட் உருவான நாட்டிலேயே இந்தக் கட்டுப்பாடும் நடைமுறைக்கு வந்திருப்பது ஒரு வேடிக்கை. நெடுநேரம் சூடு வேண்டுமென்றால் ஃபிளாஸ்க் குடுவை உள்ளதை வாங்குங்கள். சூடேற்றும் தட்டில் மணிக்கணக்காக நின்ற காபி எப்படியும் கசந்துவிடும்.

கேள்வி: கைக்குழந்தை தூங்கும் வீடு. பீப் ஒலியை நிறுத்த வழி உண்டா? ஆனால் அதே ஒலி என் மாமனாருக்குக் கேட்பதே இல்லை.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: சில மாடல்களில் ஒலியை அணைக்கும் வசதி உண்டு, தனிப் பொத்தான் இல்லாவிட்டாலும் ஏதேனும் ஒரு பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் நிற்கும்படி அமைத்திருப்பார்கள், கையேட்டில் பாருங்கள். அந்த வசதி இல்லையென்றால், ஒலி வரும் சிறு துளையைக் கண்டுபிடித்து அதன்மேல் மட்டும் இரண்டு மூன்று அடுக்கு டேப் ஒட்டினால் சத்தம் வெகுவாகக் குறையும். ஆவியோ வெப்பமோ வெளியேறும் திறப்புகளை மூடிவிடாதீர்கள். மாமனாரைப் பொறுத்தவரை, இந்தச் சாதனங்களில் உள்ள பஸ்ஸர் பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையான கீச்சுக் குரலில் ஒலிப்பது. வயதாகும்போது முதலில் மங்குவது உச்சஸ்தாயி ஒலிகளைக் கேட்கும் திறன்தான். அவருக்கு ஒலியைக் கூட்டுவதைவிட, அவர் உட்காரும் இடத்திலிருந்து இயந்திரத்தின் விளக்கு தெரியும்படி அதைத் திருப்பிவைப்பது பயன் தரும்.