பெற்றோர் இருவரும் நன்றாக இருக்கும்போதே குழந்தைகளுக்கு கார்டியனை எழுதி வைக்க வேண்டுமா?

"எங்களுக்கு முப்பது சொச்சம் வயதுதான், குழந்தைகளும் சின்னவர்கள், அதற்குள் கார்டியன், உயில் என்றெல்லாம் யோசிக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தைகள் சின்னவர்களாக இருப்பதால்தான் யோசிக்க வேண்டும்.

என் நெருங்கிய நண்பனும் அவன் மனைவியும் ஒரே விபத்தில் போய்விட்டார்கள். மூத்தவளுக்கு ஏழு வயது, இளையவனுக்கு நாலு. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பாசத்துக்குக் குறைவே இல்லை, சிக்கலே அங்கேதான் ஆரம்பித்தது. அவன் அண்ணன், "எங்கள் வீட்டுப் பிள்ளைகள்" என்றார். அவள் தங்கை, "அக்கா பிள்ளைகளை நான்தான் வளர்ப்பேன்" என்றாள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஒரு மாதத்துக்குள் ஒரு பிள்ளை அங்கே, ஒரு பிள்ளை இங்கே, அப்புறம் வழக்கு. மூத்தவளின் பள்ளியில் கொடுத்த அனுமதித் தாளை நான் பார்த்தேன். 'பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்' என்ற இடத்தில் அவளே பென்சிலால் அப்பா பெயரை எழுதி, அழித்திருந்தாள். தடம் மட்டும் தெரிந்தது.

அந்த நாட்களில் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டது, "அவர்களுக்கு என்ன விருப்பம் இருந்தது?" என்பதைத்தான். யாருக்கும் தெரியாது.

சித்தப்பாவோ அத்தையோ தானாகவே கார்டியன் ஆகிவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருந்தால் பெரும்பாலும் அவரே தொடர்வார். இருவருமே இல்லையென்றால் பொதுவாக நீதிமன்றம்தான் முடிவு செய்யும். குழந்தையின் நலனை முதன்மையான ஒன்றாகக் கருத வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையும் சொல்கிறது. சரி, ஆனால் உங்கள் பிள்ளை ராத்திரி பயந்து எழுந்தால் யாரைத் தேடும் என்பது நீதிபதிக்கு எப்படித் தெரியும்? நீங்கள் எழுதி வைத்ததை நீதிமன்றம் அப்படியே ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்றில்லை, இருந்தாலும் அந்த அறையில் உங்கள் சார்பில் பேசப்போவது அந்தத் தாள் ஒன்றுதான்.

பணத்தைத் தனியாக யோசியுங்கள். காப்பீட்டில் குழந்தையை நாமினியாகப் போட்டாயிற்று, அவ்வளவுதான் என்று இருந்துவிடாதீர்கள், மைனர் கையில் தொகையைக் கொடுக்க மாட்டார்கள், அதைப் பெற்று வைக்க ஒரு பெரியவர் வேண்டும். வளர்ப்பவரும் பணத்தைப் பார்த்துக்கொள்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. வேறு வேறு ஆட்கள் என்றால் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் வளர்ப்பவர் ஒவ்வொரு முறையும் கையேந்தி நிற்க நேரும்.

யார் என்பதில்தான் நானும் மனைவியும் இரண்டு வருடம் இழுத்தடித்தோம். நம்மைப் போலவே வளர்க்க ஒருவர் கிடைக்கவே மாட்டார், அதை ஏற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தாத்தா பாட்டி என்றால், பிள்ளைக்குப் பதினைந்து ஆகும்போது அவர்களுக்கு எத்தனை வயது என்று கூட்டிப் பாருங்கள். தம்பதியின் பெயரைப் போட்டால், அவர்கள் பிரிந்துவிட்டால் யாரிடம் என்பதையும் எழுதுங்கள். மாற்று ஆளாக இன்னொரு பெயர் கட்டாயம் வேண்டும். முக்கியமாக, எழுதும் முன் அவரிடம் கேளுங்கள். என் தங்கை உடனே சரி சொல்லவில்லை, இரண்டு நாள் கழித்துக் கேள்விகளோடு வந்தாள். அதற்கப்புறம்தான் எனக்கு அவள்மேல் முழு நம்பிக்கை வந்தது.

போனில் அனுப்பிய செய்தியை நம்பி இருக்காதீர்கள். உங்கள் நாட்டுச் சட்டப்படி, கையெழுத்து, சாட்சிகளோடு உயிலில் எழுதுங்கள், ஒரு வழக்கறிஞர் பார்த்துவிட்டால் நல்லது. கூடவே சாதாரணக் கடிதம் ஒன்று: எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இருட்டு பயமா, அக்கா தம்பியைப் பிரிக்க வேண்டாம், இப்படி.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், இருவரும் தனித்தனித் தாளில் மூன்று பெயர் எழுதிப் பாருங்கள். எங்களுக்கு முதல் பெயர் ஒத்துப்போகவில்லை, இரண்டாவது ஒத்துப்போனது. அதுதான் என் தங்கை.