2-ஐ வைத்துச் சோதித்தால் சிக்காத எண்

அன்புள்ள ஆசிரியருக்கு,

4294967297 (அதாவது 2³² + 1) பகா எண்ணா என்று ஃபெர்மா சோதனையில் போட்டுப் பார்த்தேன். இந்த எண்ணை N என்று வைத்தால், 2-இன் N−1ஆவது அடுக்கை N-ஆல் வகுக்க மீதி 1 வருகிறது. பகா எண்ணாக இருந்தால் மீதி 1 வர வேண்டும் என்பதுதான் இந்தச் சோதனை. அப்படியானால் இது பகா எண் என்றுதானே அர்த்தம்? நண்பர் அதையே சி மொழியில், குறியற்ற 64 பிட் எண்களை வைத்து எழுதினார். அவருக்கு மீதி 0. பகு எண் என்கிறார். 641-ஆல் வகுபடும் என்று புத்தகங்களும் சொல்கின்றன. நான் எங்கே தவறினேன்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கணக்கு சரி, முடிவுதான் தப்பு. நண்பருக்கு நேர் எதிர்: முடிவு சரி, கணக்கு தப்பு.

2-ஐ வர்க்கம் எடுத்துக்கொண்டே போங்கள்: 4, 16, 256, 65536, 2³². ஐந்தாவதாக வந்தது N-ஐவிட ஒன்றுதான் குறைவு. மீதிக் கணக்கில் அது −1. ஆறாவது வர்க்கம் 1. N−1 என்பதே 2³² ஆகையால் மொத்தம் 32 முறை வர்க்கம் எடுக்க வேண்டும். மிச்சமுள்ள 26 முறையும் 1-தான். N பகா எண்ணாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுவே நடக்கும். இதுபோல 2-இன் அடுக்கில் 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துப் போகும் எண்ணை வைத்து, அதோடு 1 கூட்டிக் கிடைப்பவை ஃபெர்மா எண்கள். அவை எல்லாவற்றுக்கும் இதே கதை என்பதால், இவற்றிடம் 2-ஐக் கொண்டுபோவதில் பயனே இல்லை.

நண்பரின் நிரல் அந்த ஆறாவது படியில்தான் விழுந்தது. 2³²-இன் வர்க்கம் 2⁶⁴. 64 பிட்டில் அடங்கும் பெரிய எண் 2⁶⁴ − 1. ஒன்றே ஒன்று கூடிப்போய் 0 ஆகிவிட்டது. N ஒற்றை எண், ஆகவே 2-இன் எந்த அடுக்குக்கும் மீதி 0 வர வழியே இல்லை. 0-வைக் கண்டதுமே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். 65537 போன்ற சிறிய எண்களில் இந்தப் பிழை தலைகாட்டாது என்பது கூடுதல் தொல்லை.

3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக் கணிதர் பெப்பின் பெயரால் வழங்கும், ஃபெர்மா எண்களுக்கான விதி: 3-இன் (N−1)/2ஆவது அடுக்குக்கு மீதி N−1 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். இங்கே 31 வர்க்கங்கள். கடைசியில் நிற்பது 10324303. அது N−1 அல்ல, ஆகவே N பகு எண். இடையில் எங்கும் 2³² மீதியாக வராததால் 64 பிட்டே போதும்.

இந்தச் சோதனை காரணியைக் காட்டாது. அதை 1732-இல் ஆய்லர் கண்டுபிடித்தார். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 64k + 1 வடிவில் இருக்கும் என்பது அவருடைய வழி. பின்னால் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் அதை 128k + 1 என்று இறுக்கினார். அப்படிப் பார்த்தால் 129, 385, 513 பகு எண்கள். 257-ஆல் வகுத்தால் மீதி 2. அடுத்து நிற்பது 641-தான்.

நேரடியாக வகுக்காமலும் காட்டலாம். 641 = 5×2⁷ + 1; அதே 641 = 5⁴ + 2⁴. முதலாவதன்படி 5×2⁷-க்கு 641-இல் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-க்கு மீதி 1. இரண்டாவதன்படி 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். போட்டால் −2³²-க்கு மீதி 1, அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

ஈவு 6700417. இதன் காரணிகளும் 128k + 1 வடிவில்தான் இருக்க முடியும். வர்க்கமூலம் 2589-க்குள் அடங்குவதால் 257, 641, 769, 1153, 1409 என்ற ஐந்து பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஆக, 6700417 பகா எண்.