பெயர் பெற்ற பல்கலையா, சொந்த மருத்துவமனை உள்ளதா?

வணக்கம். பெயர் பெற்ற பெரிய பல்கலை ஒன்று, சொந்த மருத்துவமனை உள்ள சின்னப் பல்கலை ஒன்று, இரண்டிலும் நர்சிங் பட்டப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, எதில் சேரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆனால் அதற்கு முன் நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரத்தைப் பாருங்கள். பல்கலைக்கு இருந்தால் போதாது, அந்தப் படிப்புக்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டம் வாங்கியும் செவிலியராகப் பதிய முடியாமல் போகலாம்.

அப்புறம் மருத்துவமனைப் பயிற்சி. கல்லூரிகள் மழுப்புவது இங்கேதான். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 4,600 மணி நேரப் படிப்பில் குறைந்தது பாதி நேரடிப் பயிற்சியாக இருக்க வேண்டும். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு எத்தனை மணி நேரம், எந்தெந்த வார்டு, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். பொம்மைகள் வைத்த ஆய்வகத்தைக் காட்டி அசத்துவார்கள். ஊசி போடவும் சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) பழகவும் அது நல்லதுதான், ஆனால் வலியில் கத்துகிறவரிடம் பேச அது மட்டும் போதாது. சொந்த மருத்துவமனையில் பிரசவப் பிரிவோ மனநலப் பிரிவோ இல்லையென்றால், அதற்கு எங்கே அனுப்புவார்கள்?

முடிந்தால் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். பயிற்சி என்ற பெயரில் ஆள் பற்றாக்குறையை நிரப்புகிறார்களா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால், பாடவாரியான மணி நேரக் கணக்கை எழுத்தில் தருவார்களா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.