தாலி கட்டும் நேரத்தில் எங்கே நிற்பது? (கடிதமும் பதிலும்)

வணக்கம் ஐயா,

வரும் தை மாதம் என் மாமா மகளுக்குக் கல்யாணம். முதல்நாள் மாலை மஞ்சக்குப்பத்தில் ஒரு ஏசி மண்டபத்தில் வரவேற்பு. மறுநாள் காலை 6 - 7.30 முகூர்த்தம், திருவந்திபுரம் கோயிலில். வீடியோவுக்கு ஆள் பேசியாகிவிட்டது. போட்டோவை என்னையே எடுக்கச் சொல்கிறார்கள். இதுவரை கோயில், பறவை, பிச்சாவரம் என்றுதான் எடுத்திருக்கிறேன். கேனான் 1500டி, அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் இருக்கின்றன. கையில் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறேன். எந்த லென்ஸ் வாங்கலாம்?

ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

லென்ஸ் வாங்காதீர்கள், இருப்பதே போதும். உங்கள் கேமராவில் ஒரே ஒரு கார்டுதான் போட முடியும். அந்தக் கார்டோ கேமராவோ முகூர்த்தத்தில் மக்கர் செய்தால் மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியாது. அதனால் அந்தப் பணத்தில் இரண்டு நாளைக்கு இன்னொரு கேனான் பாடியை (லென்ஸ் இல்லாத கேமரா) வாடகைக்கு எடுங்கள். தலை திருப்பக்கூடிய ஒரு பிளாஷ், கூடுதலாக இரண்டு பேட்டரி, 32 ஜிபி கார்டு நான்கு வாங்குங்கள். ராவில் (கேமரா திருத்தாமல் பதியும் மூலக் கோப்பு) எடுத்தால் ஒரு கார்டில் சுமார் 1,000 படம் பிடிக்கும். நிறையாவிட்டாலும் முகூர்த்தத்துக்கு முன் புதுக் கார்டு போட்டுவிடுங்கள். இரண்டு கேமராவிலும் கடிகாரத்தை ஒன்றாக வையுங்கள். இல்லையென்றால் படங்களை வரிசைப்படுத்தும்போது மெட்டிக்குப் பிறகு தாலி வரும்.

திருவந்திபுரத்தில் கல்யாணம் என்பது உங்களுக்குப் பெரிய வசதி. முகூர்த்த நாளென்றால் அங்கே அடுத்தடுத்துக் கல்யாணம்தான். அப்படி ஒரு நாளில் இதே நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, ஆகவே கார்த்திகைக் கடைசியிலேயே போய்விட வேண்டும். தையில் விடிவது அதைவிடப் பத்துப் பதினைந்து நிமிடம் தாமதம், சூரியன் ஆறரைக்குத்தான் எழும். 6 மணிக்கு விளக்கு வெளிச்சம் மட்டும், ஏழுக்குப் பகல் வெளிச்சமும் கலந்துவிடும். இரண்டுக்கும் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) எவ்வளவு வேண்டுமென்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஜோடி எவ்வளவு நெருக்கமாக உட்காருகிறது, தூண் எங்கே மறைக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். முன்பின் தெரியாதவர்கள் முகத்தைக் கேட்காமல் எடுக்காதீர்கள். சன்னதிக்குள் கேமராவை வெளியே எடுக்காதீர்கள்.

இனி தாலி கட்டுவது. 'கெட்டி மேளம்' குரல் எழுந்ததிலிருந்து மூன்று முடிச்சும் விழ அரை நிமிடம்கூட ஆகாது. புதியவர்கள் நேர் எதிரே நின்றபடி எடுக்கிறார்கள். பெண் தலை குனிந்திருப்பாள், வகிடுதான் கிடைக்கும். மாப்பிள்ளை பக்கம் நின்றால் அவர் தோள் மறைக்கும். எதிரே, சற்றுப் பெண் பக்கமாக, முழங்காலிட்டு, லென்ஸ் அவர்கள் கண்மட்டத்துக்கு வரும்படி இருங்கள். மாப்பிள்ளை முகம், அவர் இரண்டு கை, பெண்ணின் முகம் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். கிட் லென்ஸை 35-இல் வைத்து இரண்டு மீட்டர் தள்ளியிருந்தால் படத்தின் அகலம் ஒன்றேகால் மீட்டர். பின்னால் குனிந்து சடையை ஒதுக்கிப் பிடிக்கும் நாத்தனாரும் அதில் அடங்குவார். 50 லென்ஸுக்கு மூன்று மீட்டராவது வேண்டும், அந்த இடைவெளியில் யாராவது செல்போனோடு புகுந்துவிடுவார்கள்.

இன்னொன்று, மாலை. கனத்த ரோஜா மாலை கழுத்தோடு ஒட்டிக் கிடந்தால் மஞ்சள் கயிறு படத்தில் தெரியவே தெரியாது. தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றி வரும்போதே, மாலையைச் சற்றுக் கீழே தளர்த்திவிடும்படி நாத்தனாரிடம் சொல்லிவையுங்கள். ஐயரிடமும் முன்னாலேயே வணக்கம் சொல்லி, எங்கே உட்காரப் போகிறீர்கள் என்று காட்டிவிடுங்கள். அவர் தாலியைக் கையில் எடுத்ததும் ஃபோகஸ் செய்து தயாராக இருங்கள். ஷட்டரைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்காதீர்கள். ராவில் பத்துப் படத்துக்கு மேல் போனால் 1500டி திணறும், சரியாக மூன்றாவது முடிச்சில் நின்றுபோகும். முடிச்சுக்கு இரண்டு மூன்று படமாக எடுங்கள். அட்சதை விழுந்ததும் கேமராவைப் பெற்றோர் பக்கம் திருப்புங்கள். பெண்ணின் அம்மா கண்ணைத் துடைப்பது அப்போதுதான்.

மேனுவல் மோடில், ஷட்டர் 1/160 நொடி, லென்ஸ் திறப்பு எஃப் 4.5, ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்கிச் சரிசெய்துகொள்ளுங்கள். ஆட்டோவில் விட்டால் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியைக் கண்டு கேமரா முகத்தை இருட்டாக்கும். சிவப்புக் கூறைப்புடவையில் சிக்கல் வேறு. மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பு மட்டும் வெந்துபோய், சரிகையும் மடிப்பும் ஒரே திட்டாகிவிடும். மூவண்ண ஹிஸ்டோகிராமில் (சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு பதிந்தது என்று காட்டும் வரைபடம்) சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் வெளிச்சத்தை அரை ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்).

வரவேற்பு மேடையில் தொல்லை தருவது எல்இடி விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மட்டமான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகமானால் படத்தில் குறுக்கே இருண்ட பட்டை விழும். 1/100 வைத்தால் பெரும்பாலும் போய்விடும், போகாவிட்டால் 1/50. எல்லோரும் நின்றுகொண்டிருப்பதால் அது போதும். பிளாஷை மேல்கூரையில் அடிப்பது கூரை வெள்ளையாக, பத்தடி உயரத்தில் இருந்தால்தான் பலிக்கும். குரூப் போட்டோவுக்கு எஃப் 8, 24-க்குக் குறையாத ஜூம், ஒரு குடும்பத்துக்கு நாலைந்து படம். இரு வீட்டிலும் உறவுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளுக்கொருவர் வேண்டும், அது உங்கள் வேலையல்ல.

முக்கியமாக, அன்றிரவு கேமராவை ஏசி அறையில் வைக்காதீர்கள். நம் கடலோரக் காற்றில் விடிகாலை வெளியே எடுத்ததும் லென்ஸ் முழுக்கப் பனிபிடித்துவிடும். துடைக்கத் துடைக்கப் படியும், தெளிய அரைமணி ஆகும். காரிலும் ஏசி வேண்டாம்.

முடிந்ததும் அன்றைக்கே இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ஒன்றை மாமா வீட்டில் கொடுத்துவிடுங்கள். ஆல்பம் கைக்கு வரும்வரை கார்டை அழிக்காதீர்கள்.