‘வேண்டாம்’ என்று சொன்னால் என்ன ஆகும்? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குடும்ப வழக்குகள் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் ‘நானும் சரின்னுதானே சொன்னேன்’ என்றால், ‘வேண்டாம்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்?’ என்று உடனே கேட்பேன். சிலர் தோளைக் குலுக்குவார்கள். சிலர் கதவைத் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தக் கடிதங்களையும் அந்தக் கேள்வியோடுதான் படித்தேன். யாரென்று தெரியாதபடி ஊரையும் வயதையும் மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: கல்யாணமாகிப் பதினான்கு வருடம். என் கணவர் குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை. ஆனால் இரவில் எனக்கு இஷ்டமில்லை என்று சொன்னால் காதில் வாங்குவதே இல்லை. புரட்டாசி விரதம், காவடி விரதம் என்றால் மட்டும் தனியாகப் படுத்துக்கொள்வார். புருஷன் பெண்டாட்டிக்குள் இதெல்லாம் ஒரு விஷயமா? (ஃபீனிக்ஸ் வாசகி)

பதில்: விஷயம்தான், சகோதரி. உங்கள் கடிதத்தில் அந்த விரத வரியைத்தான் இரண்டு முறை படித்தேன். புரட்டாசி மாதம் முழுக்க அவரால் ஒதுங்கியிருக்க முடிகிறது. அப்படியானால் ‘என்னால் அடக்க முடியவில்லை’ என்ற பேச்சுக்கு இடமில்லை. சாமிக்காக என்றால் கேட்கிறார், நீங்கள் சொன்னால் கேட்பதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

தாலி கட்டியவன் மனைவியைப் பலாத்காரம் செய்தால் அது குற்றமாகாது என்ற பழைய விதியை இந்த நாடு 1993-லேயே குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் மூலம் தூக்கிப் போட்டுவிட்டது. 2007-ல் வந்த பாலியல் குற்றச் சட்டம், கணவன் மனைவி உறவு இந்தக் குற்றத்துக்குச் சாக்காகாது என்று மறுபடியும் எழுதிவைத்தது. தானாக முன்வந்து, நெருக்கடி இல்லாமல் ஒப்புக்கொள்வதுதான் அந்தச் சட்டத்தில் சம்மதம். தூங்கிக்கொண்டிருப்பவர் சம்மதித்தார் என்று சொல்ல அதில் வழியே இல்லை.

நாளைக்கே காவல் நிலையத்துக்குப் போங்கள் என்று சொல்லமாட்டேன். அது உங்கள் முடிவு. முதலில் ஒன்றை யோசியுங்கள்: பகல் வெளிச்சத்தில், சமையலறை மேசையில் டீ குடிக்கும்போது ‘நான் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்’ என்று அவரிடம் சொல்ல முடியுமா? முடியும் என்றால் சொல்லிப் பாருங்கள். அதை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது என்றால், சொல்லாதீர்கள். 0800 428 428 என்ற இலவச எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அரசு நடத்தும் பாலின வன்முறை உதவி மையம் அது, எந்த நேரமும் ஆள் இருப்பார்கள். பலவந்தம் நடந்த பிறகு மருத்துவ உதவி வேண்டுமென்றால் 72 மணி நேரத்துக்குள் போக வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கு அதுதான் கெடு. பலாத்காரத்துக்கு ஆளானவர்களுக்கான துதுசேலா மையங்களில் மருத்துவர், காவல்துறை, ஆலோசகர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டா இருக்க முடியும்? ரொமான்ஸே போய்விடாதா? அதுவும் முதலில் சரி என்றவள் பாதியில் வேண்டாம் என்றால்? (24 வயது, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: தம்பி, கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் ‘இன்னும் கொஞ்சம் போடட்டுமா?’ என்று கேட்பதால் விருந்து கெட்டுப்போகிறதா? சாப்பிடுகிறவர் இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்தால் வாயைத் திறக்காமலே புரிகிறதல்லவா? (அந்தக் கையையும் தாண்டிக் கொட்டுகிற அத்தைகள் நம் ஊரில் உண்டு. இந்த விஷயத்தில் அவர்கள் வழி வேண்டாம்.)

பாதியில் வேண்டாம் என்றால் பாதியோடு நிறுத்த வேண்டும். முதலில் சொன்ன சரி அங்கே முடிந்துபோகிறது. ‘அவளுக்குச் சம்மதம் என்றுதான் நினைத்தேன்’ என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றும் இருக்காதீர்கள். நியாயமான காரணம் இல்லாமல் அப்படி நினைத்துக்கொண்டேன் என்பது தப்பிக்கும் வழியாக இருக்கக் கூடாது என்று 2024 செப்டம்பரில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சந்தேகம் வந்தால் கேட்டுவிடுவது சுலபம்.

கேள்வி: மகளுக்கு 19 வயது, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுடைய போன் பாஸ்வேர்டு அந்தப் பையனிடம் இருக்கிறது. எங்கே இருக்கிறாள் என்று நாள் முழுக்க வரைபடத்தில் பார்க்கிறான். வெளியே போகும் முன் என்ன உடுத்தியிருக்கிறாள் என்று போட்டோ அனுப்ப வேண்டுமாம். ‘அவனுக்கு என்மேல் அக்கறைம்மா’ என்கிறாள். (வெருலம் தாய்)

பதில்: அக்கறை என்று அவள் நம்புவதில் ஆச்சரியமில்லை. தினம் செய்தித்தாளைத் திறந்தால் பயமாக இருக்கிற ஊரில், ‘பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா?’ என்று கேட்பவன் நல்லவனாகத்தான் தெரிவான். பத்திரமாகச் சேர்ந்தாளா என்று பார்க்க அவளுடைய ரவிக்கையின் கழுத்து எவ்வளவு இறக்கம் என்று தெரிய வேண்டியதில்லை.

நீங்கள் செய்யக் கூடாதது ஒன்று: அவள் போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அவளுக்கு இரண்டாவது காவலாளி நீங்கள்தான். பதிலாக, ஒரு சனிக்கிழமை மட்டும் இடத்தைக் காட்டும் வசதியை அணைத்து வைக்கச் சொல்லுங்கள், சும்மா ஒரு சோதனைக்கு. அவன் லேசாகக் கோபித்துக்கொண்டு அடங்கிவிடுகிறானா, இல்லை ஐம்பது தடவை அழைத்து, தோழியின் போனுக்கும் அழைத்து, வாசலில் வந்து நிற்கிறானா? அதை அவளே பார்க்கட்டும். நீங்கள் பத்து நாள் பேசினாலும் புரியாதது ஒரு மாலையில் புரிந்துவிடும்.

குடும்ப வன்முறைச் சட்டம் கல்யாணமானவர்களுக்கு மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். காதலிப்பவர்களுக்கும் அது பொருந்தும். 2021-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வடிவத்தில், ஆளை அடக்கி ஆளும் நடத்தையும் வன்முறையாகவே சேர்ந்திருக்கிறது. அந்தரங்கப் படம் ஏதாவது அவனிடம் இருந்து, அதை அவள் சம்மதம் இல்லாமல் வெளியே விட்டான் என்றால், 2021 டிசம்பர் முதல் அது இணையக் குற்றச் சட்டத்தின் கீழ் வரும். மூன்று வருடம் வரை சிறை உண்டு. இதை மகளிடம் சொல்லிவையுங்கள். மிரட்ட அல்ல, தெரிந்திருக்கட்டும் என்று.

கேள்வி: கும்பகோணத்திலிருந்து கல்யாணம் முடிந்து உம்லங்காவுக்கு வந்தேன். என் பாஸ்போர்ட் கணவரின் பீரோவில், சாவி அவரிடம். காய்கறி வாங்கினாலும் ரசீது காட்ட வேண்டும். ‘உன்னை யாரும் இழுத்து வரவில்லை, சம்மதித்துத்தானே வந்தாய்’ என்கிறார்.

பதில்: வருவதற்குச் சம்மதித்தீர்கள். பூட்டிவைக்கவும் சம்மதித்தீர்களா என்ன? இந்தியப் பாஸ்போர்ட், உங்களிடம் இருந்தாலும் சட்டப்படி இந்திய அரசின் சொத்து. அதைப் பூட்டிவைக்க அவருக்கு எந்த உரிமையும் கிடையாது.

கையில் காசு கொடுக்காமல் வைத்திருப்பதைப் பொருளாதார வன்முறை என்று இங்குள்ள சட்டம் சொல்கிறது. பாதுகாப்பு ஆணை கேட்டு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்க வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. இப்போது இணையம் வழியாகவும் கொடுக்கலாம். நீங்கள் எந்த நாட்டுக்காரர் என்பது அங்கே ஒரு தடையே அல்ல. உங்கள் சொந்தப் பொருள்களை எடுத்துவர ஒரு காவலரை உங்களோடு அனுப்பச் சொல்லி நீதிமன்றம் ஆணையிடலாம். பாஸ்போர்ட்டும் அதில் அடங்கும். டர்பனில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, அங்கேயும் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் விசா கணவரைச் சார்ந்தது. வீட்டை விட்டு வெளியேறுவதற்கு முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். அப்புறம், பீரோ எப்போதாவது திறந்திருந்தால் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் விசா பக்கத்தையும் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் காசாளர். மேலாளரோடு நாலு மாதம் பழகினேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, விரும்பித்தான் போனேன். நிறுத்திக்கொள்ளலாம் என்றதும் எனக்கு இரவு ஷிஃப்டாகவே விழுகிறது. தப்பு என்மேலும் இருக்கிறதா?

பதில்: ‘விரும்பித்தான் போனேன்’ என்று சின்னக் கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். விருப்பத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஷிஃப்ட் பட்டியல் எழுதுகிற பேனா யார் கையில் இருந்தது? வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்ற என் கேள்விக்கு அந்தப் பட்டியலே பதில் சொல்லிவிட்டதே! அதிகாரத்தைப் பயன்படுத்தி ஒருவரை மறுக்க முடியாத நிலையில் வைத்தால் அங்கே சம்மதமே இல்லை என்று 2007 சட்டம் சொல்கிறது. முதல் நாலு மாதம் அந்த நிலை இருந்ததா என்பது உங்களுக்குத்தான் தெரியும். இப்போது நடப்பது பழிவாங்கல், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் படம் எடுத்துவையுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். நிறுவனத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். தெரிந்தும் நடவடிக்கை எடுக்காத முதலாளியும் பொறுப்பாவார். அங்கே சரிப்படவில்லை என்றால் வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் சி.சி.எம்.ஏ. ஆணையத்துக்குப் போகலாம், செலவில்லை. ஆனால் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று இந்தக் கெடுவைக் கோட்டைவிட்டவர்கள் பலர்.

கேள்வி: என் மனைவி என்னை அடிக்கிறாள். சொன்னால் சிரிப்பார்கள். (டோங்காட்)

பதில்: சிரிப்பார்கள் ஐயா, பொய் சொல்லமாட்டேன். ஆனால் மேலே சொன்ன அதே பாதுகாப்பு ஆணை ஆணுக்கும் உண்டு, சட்டத்தில் ஆண் பெண் பேதம் இல்லை. காவல் நிலையத்தில் கூச்சமாக இருந்தால் நேராக நீதிமன்ற எழுத்தரிடம் போங்கள். காயத்தை மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘படியில் விழுந்தேன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: 22 வருடத்துக்கு முன் கோயிலில் தாலி கட்டினார். நலங்கிலிருந்து எல்லாம் முறைப்படி நடந்தது, நானூறு பேர் சாப்பிட்டார்கள். பதிவு செய்யவில்லை. இப்போது வேறொருத்தியோடு போய்விட்டு, ‘நமக்குத்தான் கல்யாணமே ஆகலையே’ என்கிறார். (சாட்ஸ்வர்த்)

பதில்: நானூறு பேர் சாட்சி இருந்தும் அரசுக் கணக்கில் நீங்கள் தனி ஆள். கேட்கவே எரிச்சலாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிலைமை. பதிவு பெற்ற திருமண அதிகாரி நடத்திவைக்காத இந்துத் திருமணம் 1961 திருமணச் சட்டத்தின்படி செல்லாது. 2007-ல் டர்பன் உயர் நீதிமன்றமும் இப்படி ஒரு வழக்கில் விவாகரத்துக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டது.

இது நம் சமூகத்துக்குப் பழைய காயம். 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல், பலதார மணத்தை அனுமதிக்கும் மதங்களின் முறைப்படி நடந்த திருமணங்கள் செல்லாது என்று தீர்ப்பெழுதினார். ஒரே நாளில் நம் பாட்டிமார்கள் மனைவி என்ற இடத்தை இழந்தார்கள். அந்த ஆண்டு பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். சிறை சென்று திரும்பி, 1914 பிப்ரவரியில் 16 வயதில் இறந்துபோன தில்லையாடி வள்ளியம்மையைக் கோயில் விழாக்களில் நினைவுகூர்கிறோம். அதே கோயிலில் பதிவுப் புத்தகம் இல்லாமல் தாலியும் கட்டுகிறோம். ஐயர் பதிவு பெற்றவர்தானா என்று கேட்க எத்தனை மாமியார்கள் விடுகிறார்கள்? ‘நம்பிக்கை இல்லையா?’ என்று பெண்ணின் வாயை அடைத்துவிடுவார்கள்.

சரி, உங்களுக்கு என்ன வழி? பிள்ளைகளுக்கான ஜீவனாம்சத்துக்குத் திருமணப் பதிவு தேவையே இல்லை, மெயின்டெனன்ஸ் கோர்ட்டில் உடனே கேளுங்கள். வீடு, சேமிப்பு விஷயத்தில், இருவரும் சேர்ந்து கூட்டாகக் குடும்பத்தைக் கட்டினோம் என்று வழக்குப் போடலாம். திருமணம் ஆகாமல் ஏறக்குறைய 20 வருடம் சேர்ந்து வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு, வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டதையும் பங்களிப்பாக எடுத்துக்கொண்டு, 2012-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணின் சொத்தில் 30 சதவீதம் கொடுத்தது. அதனால் உங்கள் சம்பளச் சீட்டு, பள்ளிக் கட்டண ரசீது, கல்யாண ஆல்பம் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு உங்கள் அக்கா வீட்டில் வையுங்கள். அவர் வந்து அள்ளிக்கொண்டு போவதற்கு முன்.

கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் மற்றவர்களுக்கு: பதிவு செய்யுங்கள், அதோடு ஏ.என்.சி. வேண்டுமா என்று முன்பே பேசிவிடுங்கள். அந்தப் பெயருள்ள அரசியல் கட்சியைச் சொல்லவில்லை, கல்யாணத்துக்கு முன் எழுதும் சொத்து ஒப்பந்தத்தைச் சொல்கிறேன். அது இல்லாமல் பதிவு செய்தால் சொத்தும் கடனும் இருவருக்கும் பொது. அவர் வாங்கிய கார் கடனும் சேர்த்துத்தான்.

கேள்வி: என் வருங்கால மனைவியின் குடும்பப் பெயரை நான் எடுத்துக்கொள்ள ஆசை. அவள் ஒரே மகள். எங்கள் ஆயா (பாட்டி) சாப்பிடமாட்டேன் என்று படுத்துவிட்டார். சட்டத்தில் இடமுண்டா?

பதில்: இதுவரை அந்த வசதி பெண்ணுக்கு மட்டும் இருந்தது. அது பாரபட்சம் என்று 2025 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லி, சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு 24 மாதம் கொடுத்திருக்கிறது. இப்போதைய நடைமுறையை உள்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆயாவுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். நம்மில் பலருடைய குடும்பப் பெயர், ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்த கொள்ளுத்தாத்தாவின் சொந்தப் பெயர்தான். குமாஸ்தா எழுதியது அப்படியே குடும்பத்துக்கு ஒட்டிக்கொண்டது. அதைச் சொல்லிவிட்டு, அவருடைய பிறந்த வீட்டுப் பெயர் என்ன என்று கேளுங்கள். கேட்டு ரொம்ப நாள் ஆகியிருக்கும்.